கண்டிகோட்டைக்குக் கிளம்புமுன்: சித்தூர்ப் பக்கத்து ஆட்கள் செய்யும் தவறுகள்

"வேலூர் வெயிலைப் பார்த்தவனுக்கு எந்த வெயில் என்ன செய்யும்?" ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் கண்டிகோட்டைக்குச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள் கிளம்பும்போது இதைச் சொல்லித்தான் வண்டி ஏறுகிறோம். நானும் சொன்னவன்தான். அப்புறம் வேலைக்காக ஜம்மலமடுகில் ஒன்றரை வருடம் வாடகை வீட்டில் இருந்தேன். கோட்டை அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஊரிலிருந்து வந்த சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூட்டிப்போய்க் காட்டியதில், யார் எங்கே சொதப்புவார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

முதலில் ஒன்று. படங்களைப் பார்த்துவிட்டுப் பாலைவனம் என்கிறார்கள். மணல்மேட்டை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இது எர்ரமலைத் தொடரைப் பெண்ணாறு அறுத்துக்கொண்டு போன இடம். தெலுங்கில் 'எர்ர' என்றால் சிவப்பு, 'கண்டி' என்றால் மலையிடுக்கு. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. நம் பழைய திணைக் கணக்கில் பாலைக்கெனத் தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் காய்ந்து திரிந்தால் அதுதான் பாலை. அந்தக் கணக்குப்படி ஏப்ரல், மே மாதங்களில் கண்டிகோட்டை அசல் பாலை. இன்னொன்று, இந்த ஆறு நமக்கு அந்நியமில்லை. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறக்கும் இரண்டு பெண்ணைகளில் கடலூர்ப் பக்கம் கடலில் சேர்வது தென்பெண்ணை. ராயலசீமை வழியாக நெல்லூருக்குப் போவது இது, வடபெண்ணை.

சரி, வெயிலுக்கு வருவோம். எங்கள் ஊர் வெயிலில் சட்டை நனைகிறது, தாகம் எடுக்கிறது, தண்ணீர் குடிக்கிறோம். இங்கே காற்று காய்ந்த காற்று. வேர்த்த வேகத்திலேயே உலர்ந்துவிடுவதால் உடம்பிலிருந்து தண்ணீர் போவதே தெரியாது. தலைவலி வந்த பிறகுதான் உறைக்கும். என் சித்தப்பா அரை லிட்டர் பாட்டிலோடு பத்து மணிக்குக் கோட்டைக்குள் போனவர், பன்னிரண்டு மணிக்கு மசூதி நிழலில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுமில்லடா, லேசா கிறுகிறுப்பு" என்றார். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் இரண்டு டம்ளர் உள்ளே போன பிறகுதான் முகம் தெளிந்தது. ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் கையில் இருக்கட்டும், தாகத்துக்குக் காத்திருக்காமல் குடியுங்கள். உள்ளே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள், கடைகள் சொற்பம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வந்தால் இந்தப் பாடு பாதி குறையும்.

ஆனால் எந்த மாதம் வந்தாலும் நேரக் கணக்கு மாறாது. அதிகாலையில் கிளம்பி, மதியம் போய்ச் சேர்ந்து, பார்த்துவிட்டு இரவே திரும்புவது என்றுதான் எல்லோரும் திட்டம் போடுகிறார்கள். சித்தூரிலிருந்து பீலேரு, ராயச்சோட்டி, கடப்பா வழியாக வந்தால் அப்படித்தான் வாய்க்கும். கடப்பாவைத் தாண்டியும் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் இருக்கிறதே. அங்கே மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை சுற்றிப் பார்க்கும் பொழுது என்று ஒன்று கிடையாது. பாறை வெளுத்துப்போய் நிற்கும், படத்தில் பார்த்த சிவப்பு இருக்காது, கல்லில் கை வைக்க முடியாது. முந்தின நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்து, இரவு தங்கி, மறுநாள் சூரியன் எழும்போது பள்ளத்தாக்கைப் பாருங்கள். ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

மதியத்தைக் கழிக்கப் பேலம் குகைக்குப் போகலாம் என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். குகை என்றால் ஜில்லென்று இருக்கும் என்ற நினைப்பு. அங்கே உள்ளே புழுக்கம். வெளியே வறட்டு வெயில் என்றால் உள்ளே ஈரக் காற்று, சட்டையைப் பிழியலாம். மூச்சிழுப்பு உள்ளவர்களையும் வயதானவர்களையும் யோசித்து அழைத்துப் போங்கள். மற்றபடி கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் அரித்து உண்டாக்கிய 3,229 மீட்டர் நீளக் குகை. அதில் பாதியளவுதான் பயணிகளுக்குத் திறந்திருக்கிறது. 1863-இல் சென்னைப் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே பிரிட்டிஷ் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் 1884-இல் இந்தக் குகையையும் பதிவு செய்தவர். காலையில் குகைக்குப் போய்விட்டு மதியம் அறையில் தூங்குவதுதான் என் வழி.

பள்ளத்தாக்கின் விளிம்பைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சில நூறு அடிப் பள்ளம். பாறைகள் அடுக்கி வைத்த செங்கல் மாதிரி துண்டு துண்டாக நிற்கின்றன, விளிம்பு நெடுகத் தடுப்பு கிடையாது. எது ஆடும், எது ஆடாது என்பது கால் வைத்தால்தான் தெரியும். ரப்பர்ச் செருப்போடு ஒருவர் ஓரத்துக் கல்லில் நின்று, இன்னொருவர் "இன்னும் கொஞ்சம் பின்னாடி போ" என்று போன் பிடிக்கும் காட்சியை நான் பார்க்காத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. படுத்துக்கொண்டு எட்டிப் பாருங்கள், பார்வைக்கு ஒரு குறையும் வராது. கீழே இறங்கிக் குளிக்கலாம் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள்.

பள்ளத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கோட்டைக்குத்தான் அநியாயம் செய்கிறார்கள். பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட இடம். பிறகு கோல்கொண்டா சுல்தானின் அமைச்சர் மீர் ஜும்லா கைக்குப் போனது. 1652-இல் தவேர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரி அவரைப் பார்க்க இங்கே வந்திருக்கிறார். மாதவராயர் கோயில் கோபுரம், தானியக் களஞ்சியம், ஜாமியா மசூதி எல்லாம் நடக்கும் தூரம்தான்.

சாப்பாட்டில் பெரிய தவறு எதுவும் நேராது. நம் கேழ்வரகுக் களியின் தம்பியான ராகி சங்கடியும் நாட்டுக்கோழிக் குழம்பும் கிடைத்தால் விடாதீர்கள். காரம் மட்டும் அவர்கள் "கொஞ்சம்" என்றால் நமக்கு நிறைய. பேச்சில்தான் கவனம் வேண்டும். எல்லையோரத் தெலுங்கில் நாம் உரிமையோடு எல்லோரையும் 'நுவ்வு' (நீ) என்போம். அங்கே முன்பின் தெரியாத பெரியவரிடம் அது எடுபடாது. 'மீரு' (நீங்கள்) என்று தொடங்கினால் டீக்கடைக்காரர் வழி சொல்வதோடு நிற்காமல் கூடவே வந்து காட்டுவார்.

சுற்றிப் பார்க்க இல்லாமல் சிமெண்ட், அனல்மின் வேலை என்று குடியிருக்கவே வருகிறவர்களுக்கு: பள்ளத்தாக்கில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து ஊரில் தண்ணீர் தாராளம் என்று நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். குழாய் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது, போர்வெல் எப்படி என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் அல்ல. நம் சமையலறை மேடையில் கிடக்கிற கடப்பாக்கல் இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைதான். அதே பாறைக்குள் ஊறி வரும் போர்வெல் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். குடிக்க கேன் வாங்கிவிடுங்கள்.

நான் செய்த தவறு வேறு. காற்று வரும் என்று மேல்மாடி எடுத்தேன். பகலெல்லாம் தளம் வாங்கிய சூட்டை இரவு முழுவதும் என் தலையில் இறக்கியது. காலை எட்டு மணிக்கே குழாயில் வெந்நீர். மூன்றாவது வாரம் குறை சொல்லக் கீழே இறங்கினேன். வீட்டுக்கார அம்மா தரைத்தளத்தில் ஈரத்துணியை ஜன்னலில் தொங்கவிட்டு, கடப்பாக்கல் தரையில் தலையணைகூட இல்லாமல் படுத்திருந்தார். "ராத்திரியே ரெண்டு பக்கெட் பிடித்து வைத்துக்கொள் நாயனா, காலைக்குள் ஆறிவிடும்" என்றார். கீழ்வீடு காலியாகுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டார்.