பனிக்காலத்தில் தக்காளி, குடைமிளகாய் நாற்றுகளுக்கு சாலிசிலிக் அமிலம்

மார்கழி, தை மாதங்களில் ஓசூர் போன்ற உயரமான பகுதிகளில் குழித்தட்டு நாற்றுகள் வளராமல் முடங்குவதற்குக் குளிரே முக்கியக் காரணம். இரவு வெப்பநிலை 10–12 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வேர் தண்ணீரை உறிஞ்சுவது குறைகிறது. அதனால் மண்ணில் ஈரம் இருந்தும் வெயில் ஏறியதும் நாற்று வாடும். அதைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் பெரிய தவறு. நாற்றழுகல் அங்கேதான் தொடங்குகிறது. இலையின் அடிப்புறம் ஊதாவாவதும் குளிரால்தான், வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்க முடியாத நிலை அது.

சாலிசிலிக் அமிலம் செடியின் தற்காப்பு நொதிகளைத் தூண்டி, குளிரைத் தாங்க உதவும். 10 லிட்டர் தண்ணீருக்கு 0.7 கிராம் போதும். குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது. முதலில் 10 மில்லி எத்தனாலில் கரைத்து, கலக்கிக்கொண்டே மெல்ல தண்ணீரில் ஊற்றுங்கள். மொத்தமாகக் கொட்டினால் மீண்டும் படிகமாகும். நாற்று 2–3 உண்மை இலை (விதையிலைக்குப் பின் வரும் இலை) விட்டதும், குளிர் வருவதற்கு 2–3 நாள் முன்பு, காலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். குளிர் தாக்கிய பின் தெளித்தால் பலன் குறைவு. அளவைக் கூட்டினால் இலை கருகும், வளர்ச்சி நிற்கும். எனவே முதலில் சில நாற்றுகளில் சோதித்துப் பாருங்கள்.

வளர்ச்சி வேகமாகட்டும் என்று ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்க வேண்டாம். தண்டு நீண்டு மெலிந்துவிடும். யூரியாவையும் குறையுங்கள்.

உறைபனி விழும் ஊட்டி, கொடைக்கானல் பகுதிகளில் இந்தத் தெளிப்பு மட்டும் காப்பாற்றாது. மாலையிலேயே தட்டுகளை மூடி, காலை வெயில் வந்தபின் திறக்க வேண்டும்.