சாவோ பாலோவுக்கு புதுசா வந்தவங்களுக்கு: ஊருக்கு போய்ட்டு திரும்பி வர்ற நாள்

இங்க வந்து முதல் தடவ லீவுக்கு ஊருக்கு போய்ட்டு திரும்பி வரும்போதுதான் இது எவ்ளோ பெரிய ஊருன்னு உறைக்கும். முதல்ல வந்தப்போ கம்பெனி கார் அனுப்பிருக்கும், பேர் எழுதின அட்டையோட ஒருத்தர் நின்னுருப்பாரு, நீங்க பாதி தூக்கத்துல ஏறி உக்காந்துருப்பீங்க. ரெண்டாவது தடவ யாரும் வரமாட்டாங்க.

திரும்பி வர்ற வேல கிளம்புறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுது. மஞ்சக் காய்ச்சல் தடுப்பூசின்னு ஒண்ணு இருக்கு, மஞ்சக் காமாலை வேற, இது வேற, பிரேசில்லேர்ந்து இந்தியா போறவங்க அந்த சர்ட்டிபிகேட் காட்டலன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா பிடிச்சு வச்சுருவாங்க, அப்பறம் லீவுல பாதி அங்கயே போய்டும். ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் சர்ட்டிபிகேட் செல்லும், அதனால கடைசி வாரத்துல ஓடாதீங்க. ஏரியா யூபிஎஸ்ல (அரசாங்க சுகாதார நிலையம்) ஊசி இலவசம், ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும். அப்பறம் ஆர்எனெம் கார்டு, வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்க குடுக்கற அடையாள அட்டை. வந்து 90 நாளைக்குள்ள பெடரல் போலீஸ்ல பதிஞ்சிருக்கணும், கார்டு கைக்கு வரலன்னா பதிஞ்சப்போ குடுத்த ப்ரொட்டோகோல் பேப்பர ஹேண்ட் பேக்லயே வைங்க, செக்-இன் பெட்டில போட்டுட்டு இமிக்ரேஷன்ல முழிச்சவங்க இருக்காங்க (நான் இல்ல, என் ரூம்மேட்டு).

பெட்டி கட்டும்போது அம்மா குடுக்கறதெல்லாம் வாங்கிக்காதீங்க. பச்சை கறிவேப்பிலை, பழம், விதை, செடி எதுவும் உள்ள விடமாட்டாங்க. முருங்கை சேத்த சாப்பாட்டு சாமான இங்க உணவு, மருந்த கண்காணிக்கற அரசு அமைப்பு அன்விசா 2019லயே தடை பண்ணிருச்சு, நம்பவே முடியல இல்ல, நமக்கு சாம்பார்ல போடற ஐட்டம், ஆனா அதான் நிஜம், முருங்கைக்கீரைப் பொடிய ஊர்லயே விட்டுட்டு வாங்க. மிக்ஸியும் வேணாம், இங்க வீட்டு பிளக்ல பெரும்பாலும் 127 வோல்ட்தான், நம்மூரு மிக்ஸி அதுல முனகும், அரைக்காது. கடுகு, புளி, பருப்புக்கு மெர்கடோ முனிசிபால்ங்கற பெரிய மார்க்கெட் பக்கத்துல ஸோனா செரியலிஸ்டான்னு மொத்த வியாபாரக் கடைங்க வரிசையா இருக்கு. துவரம்பருப்பு உடைச்சதா கிடைக்கறது கஷ்டம், முழுத்துவரைய குவாண்டுன்னு கேட்டா குடுப்பாங்க.

இப்ப முக்கியமான விஷயம். துபாய்லேர்ந்து கிட்டத்தட்ட 15 மணி நேரம் பறந்து வருவீங்க, அது ஒண்ணுமே இல்ல, குவாருல்யோஸ் ஏர்போர்ட்லேர்ந்து டவுனுக்குள்ள வர்ற அந்த 25 கிலோமீட்டர்தான் உயிர வாங்கும். நான் வந்த ப்ளைட் எல்லாமே சாயங்காலம்தான் இறங்குச்சு, இமிக்ரேஷன் பெல்ட்டு கஸ்டம்ஸ் எல்லாம் முடிச்சு வெளிய வந்தா மணி ஆறு, மார்ஜினல் டியெட்டே ரோடு முழுக்க சிவப்பு லைட்டு.

ப்ரெண்டு கார் எடுத்துட்டு வரேன்னு சொன்னா உடனே சரின்னு சொல்லிடாதீங்க, நம்பர் பிளேட்டோட கடைசி நம்பர் என்னன்னு கேளுங்க. ரொடீசியோன்னு 1997லேர்ந்து ஒரு ரூல் இருக்கு, காலைல 7லேர்ந்து 10, சாயங்காலம் 5லேர்ந்து 8 வரைக்கும் ஊரோட நடுப்பகுதிக்குள்ள சில நம்பர் வண்டி ஓடக்கூடாது. திங்கள் 1, 2, செவ்வாய் 3, 4, இப்படியே போய் வெள்ளி 9, 0. என்ன கூட்டிட்டு வர வந்தவனோட வண்டி 0ல முடியும், நான் இறங்கினது வெள்ளிக்கிழம, வீடு விலா மரியானால, அது அந்த நடுப்பகுதிக்குள்ளதான். எட்டு மணி வரைக்கும் ஏர்போர்ட்லயே உக்காந்து பாவ் டி கேஜு தின்னுட்டு ஊர்க்கதை பேசிட்டு இருந்தோம். மரவள்ளி மாவும் சீஸும் போட்டு சுட்ட உருண்டை அது, கறி கிடையாது, ஆனா பெரும்பாலும் முட்டை சேத்துருப்பாங்க, முட்டை சாப்பிடற சைவக்காரங்க சாப்பிடலாம், ஓட்டல்ல பீன்ஸ் குழம்பு வாங்கினா பன்றிக்கறி போட்டதான்னு கேட்டுக்கங்க.

தோள்ல ஒரு பை மட்டும்னா ட்ரெயின் எடுங்க. ஏர்போர்ட்லேர்ந்து 13ம் லைன்ல எஞ்செனெய்ரோ கூலார் போய் 12க்கு மாறி டாட்டுவாபேல இறங்கினா மெட்ரோ சிவப்பு லைன், டிராபிக்கே தெரியாது. 23 கிலோ பெட்டி ரெண்டு இருந்தா அந்த வீரம் வேணாம், டெர்மினலுக்குள்ளயே டாக்சி கவுண்டர்ல ரேட்டு கேட்டு ஏறிடுங்க, ஆப்ல புக் பண்ணாலும் போன கைல நீட்டிட்டு ரோட்டோரம் நிக்காதீங்க, பிடுங்கிட்டு போய்ட்டா பிக்ஸும் (நம்மூரு யூபிஐ மாதிரி) போச்சு பேங்க்கும் போச்சு. டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் மத்தியானத்துக்கு மேல கொட்டுற மழைல ரோட்ல தண்ணி நிக்கும், அந்த மாசங்கள்ல வந்து இறங்கற அன்னிக்கு ராத்திரி வேற எந்த ப்ளானும் வச்சுக்காதீங்க. ரியோலேர்ந்து பஸ்ல வந்தீங்கன்னா கவலையே இல்ல, டியெட்டே பஸ் ஸ்டாண்டும் மெட்ரோவும் ஒட்டியே இருக்கு.

வீட்டு வாசல்ல போர்ட்டேரோ, அதாவது வாட்ச்மேன், இருப்பாரு, அவர்கிட்ட சாவி குடுத்துட்டு போயிருந்தா "ஷாவி"ன்னு கேட்டாலே எடுத்துக் குடுப்பாரு, அந்த வார்த்தையே போர்ச்சுகீஸ்லேர்ந்து நமக்கு வந்ததுதான். எட்டரை மணி நேர வித்தியாசம், எப்படியும் விடிகாலை மூணு மணிக்கு முழிச்சு கூரைய பாத்துட்டு படுத்துருப்பீங்க. உங்க தெருப்பக்கம் ஃபெய்ரா சந்தை எந்தக் கிழமைன்னு போர்ட்டேரோகிட்டயே கேட்டு வச்சுக்கங்க, அன்னிக்கே இருந்தா காலைல பையோட போய்டலாம். வெண்டைக்காய்க்கு கியாபு, சௌசௌக்கு ஷுஷு, கொத்தமல்லிக்கு கோயென்ட்ரு. ஓரத்துல கரும்பு ஜூஸ் பிழியற வண்டி நிக்கும், எலுமிச்சை கேட்டா போட்டுக் குடுப்பாரு.