டிஎச்டி22 எண்கள் தடுமாறினால்: புது சென்சார் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

வேலூரில் ஒரு மொட்டை மாடி அறை, கத்திரி வெயில் காலம். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் டிஎச்டி22 சென்சார் 38.4 டிகிரி காட்டுகிறது. ஒரு நிமிடம் கழித்து 41.9. அடுத்து எண்ணே இல்லாமல் ‘என்ஏஎன்’, அதாவது ‘இது எண் அல்ல’. மறுபடி 38.5. இப்படி ஆடினால் பலரும் சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொன்று ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். புதியதும் அப்படியே ஆடும். கோளாறு பெரும்பாலும் ஒயரிலோ, மின் சப்ளையிலோ, மாட்டிய இடத்திலோதான் இருக்கும். சென்சாரைச் சந்தேகப்படுவது கடைசி வேலை.

இங்கே சொல்வது டிஎச்டி11 அல்லது டிஎச்டி22 சென்சாரை நோட்எம்சியு என்ற, வைஃபை உள்ள சின்ன புரோகிராம் போர்டில் இணைத்திருப்பவர்களுக்கு. கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், 4.7 கே அல்லது 10 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் ஒன்று, மேலே 104 என்று அச்சிட்ட சின்ன செராமிக் கெபாசிட்டர் ஒன்று, 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, ஒரு ஸ்பூன் தூள் உப்பு, காற்றுப் புகாத டப்பா.

படி 1: ஒரு நாள் கணக்கு

நிமிடத்துக்கு ஒரு அளவு வீதம் 24 மணி நேரம் பதிவு செய்யுங்கள். 1440 வரிகள் வரும். சராசரி எதுவும் எடுக்க வேண்டாம், வந்தது வந்தபடி இருக்கட்டும். பிறகு எண்கள் எப்படி ஆடுகின்றன என்று பாருங்கள்.

இந்த சென்சார் ஒவ்வொரு முறையும் 40 பிட் அனுப்பும். முதல் 16 ஈரப்பதம், அடுத்த 16 வெப்பநிலை, கடைசி 8 சரிபார்ப்பு. வழியில் ஏதாவது கெட்டுப்போய்க் கணக்கு பொருந்தாவிட்டால் லைப்ரரி (சென்சாரைப் படிக்க புரோகிராமில் சேர்க்கும் ஆயத்தத் தொகுப்பு) என்ஏஎன் என்று சொல்லிவிடும். ஆகவே என்ஏஎன் அடிக்கடி வந்தால் ஒயர் பக்கம் பாருங்கள். என்ஏஎன் இல்லாமல் எண் மட்டும் குதித்தால் சப்ளையையும் சுற்றியுள்ள காற்றையும் பாருங்கள். ஆன் செய்த அரை மணியில் 2, 3 டிகிரி ஏறி அங்கேயே நின்றுவிட்டால், அது போர்டின் சூடு. ஈரப்பதம் 99.9-ல் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லையென்றால்தான் சென்சார் மேல் சந்தேகம் வர வேண்டும்.

தடுமாற்றமே இல்லாததைத் தடுமாற்றம் என்று நினைப்பதும் உண்டு. காற்றில் உள்ள நீராவி மாறாமல் சூடு மட்டும் ஏறினால் ஈரப்பத எண் இறங்கத்தான் வேண்டும். 30 டிகிரியில் 60 சதவீதம் இருந்த காற்று, 32 டிகிரி ஆனதும் 53 சதவீதம்தான் காட்டும். சொட்டுத் தண்ணீர்கூடக் குறையவில்லை. இதைப் பிரித்தறிய பனிப்புள்ளியை, அதாவது காற்றிலுள்ள நீராவி தண்ணீராகத் துளிர்க்கத் தொடங்கும் வெப்பநிலையை, கணக்கிட்டுப் பாருங்கள். இந்த இரண்டு நிலையிலும் அது 21.4 டிகிரிதான். வெப்பமும் ஈரப்பதமும் எதிரெதிராக ஆடி, பனிப்புள்ளி அசையாமல் இருந்தால் சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறது.

படி 2: புரோகிராமில் இரண்டே வரி

சென்சார் வகை சரியாக எழுதியிருக்கிறதா? டிஎச்டி22-ஐ மாட்டிவிட்டு புரோகிராமில் டிஎச்டி11 என்று விட்டால், 30 டிகிரி அறையில் 1, 2 டிகிரி என்று வரும். அடுத்து ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே இடைவெளி: டிஎச்டி11-க்குக் குறைந்தது 1 விநாடி, டிஎச்டி22-க்கு 2 விநாடி. 3 விநாடி வைத்துவிட்டால் கவலை இல்லை.

படி 3: ஒயரும் ரெசிஸ்டரும்

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். நான்கு கால் உள்ள வெற்று சென்சாரின் சல்லடைப் பக்கம் நம்மைப் பார்க்க வைத்தால், இடமிருந்து முதல் கால் பாசிட்டிவ், இரண்டாவது டேட்டா, மூன்றாவதற்கு வேலை இல்லை, நான்காவது கிரவுண்ட். முதல் காலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ரெசிஸ்டர் கட்டாயம். 4.7 கே என்றால் மஞ்சள், ஊதா, சிவப்பு வளையம். 10 கே என்றால் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. இது இல்லாவிட்டால் டேட்டா ஒயர் பிடிமானம் இல்லாமல் மிதக்கும், கை பட்டாலே அளவு கெடும்.

சின்ன போர்டில் பதித்து வரும் மூன்று கால் சென்சாரில் இந்த ரெசிஸ்டர் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். நம்பிவிடாமல் அளந்து பாருங்கள். எல்லா ஒயரையும் கழற்றி, மீட்டரை ஓம் அளவில் வைத்து, பாசிட்டிவுக்கும் டேட்டாவுக்கும் நடுவே தொடுங்கள். 4.7 முதல் 10 கே வரை காட்டினால் இருக்கிறது. கால்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படத்தைப் பார்த்து இணைக்காமல், போர்டில் அச்சிட்டிருப்பதைப் படித்து இணையுங்கள்.

நோட்எம்சியுவில் டேட்டாவை டி1, டி2, டி5 இவற்றில் ஒன்றில் கொடுங்கள். டி3, டி4, டி8 மூன்றும் போர்டு ஆன் ஆகும் நேரத்தில் வேறு வேலை பார்ப்பவை.

இப்போது போர்டு அனுப்பும் எண்களைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயரையும் மெல்ல ஆட்டுங்கள். ஆட்டும்போது என்ஏஎன் வந்தால் ஆளைப் பிடித்தாயிற்று. பிரெட்போர்டின் (சால்டர் இல்லாமல் ஒயரைச் செருகி இணைக்கும் பலகை) ஓட்டைகள் நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். நிரந்தரமாக வைப்பதென்றால் சால்டர் செய்துவிடுவதே நல்லது.

3.3 வோல்ட்டில் ஓடும்போது ஒயர் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். சென்சார் தூரத்தில் இருக்க வேண்டுமென்றால் ஒயரை நீட்டாமல் போர்டையே அங்கே கொண்டுபோங்கள், வைஃபை இருப்பது அதற்குத்தான். தண்ணீர் டேங்க் மோட்டார் போடும் நேரத்தில் மட்டும் என்ஏஎன் வருகிறதென்றால், சென்சார் ஒயர் மெயின் லைனோடு ஒட்டி ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரு அடியாவது இடைவெளி விடுங்கள்.

படி 4: சப்ளை

வைஃபை அனுப்பும் கணத்தில் போர்டு சட்டென்று அதிகக் கரண்டை இழுக்கும். மெல்லிய யூஎஸ்பி ஒயரும் பழைய செல்போன் சார்ஜரும் அதைத் தாங்காது. போர்டின் வின் (Vin) பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 5 வோல்ட்டைவிட நன்றாகக் குறைந்திருந்தால் முதலில் ஒயரை மாற்றுங்கள், அப்புறம் சார்ஜரை. நொடியில் வந்து போகும் சரிவை மீட்டர் காட்டாது. ஆகவே 104 கெபாசிட்டரை சென்சாரின் பாசிட்டிவுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, காலை ஒட்டியே வையுங்கள். 100 மைக்ரோஃபாரடை அதன் பக்கத்தில். பெரியதற்கு மைனஸ் பக்கம் கோடு போட்டிருக்கும், மாற்றி மாட்டக் கூடாது.

படி 5: இடம்

சென்சார் போர்டுக்கு மேலே வேண்டாம், பக்கவாட்டில் 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் சரி. மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். நம் ஊர் வெயிலில் பகலெல்லாம் காய்ந்த சுவரும் கான்கிரீட் தளமும் ராத்திரியிலும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அப்போது அளப்பது சுவரை, காற்றை அல்ல. ஏர் கூலர் ஓடும் அறையில் ஈரப்பதம் ஏறி இறங்குவது நிஜமான மாற்றம். கூலர் காற்று நேராகப் படாத பக்கம் வைத்தால் போதும்.

இன்னொன்று. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே ஷூ, தோல் வேலை நடக்கும். பசை, தின்னர், ஸ்ப்ரே இவற்றின் ஆவி ஈரப்பத சென்சாருக்கு ஆகாது. அளவு மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போகும். அந்த அறையில் வைக்கவே வேண்டாம்.

படி 6: உப்புச் சோதனை

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லையென்றால் இப்போது சென்சாரைச் சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. கல்லுப்பில் கலந்திருக்கும் மற்ற உப்புகள் அளவைச் சற்று இழுக்கும், அதனால்தான் தூள் உப்பு. மூடியையும் சென்சாரையும் டப்பாவுக்குள் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, ஒயர் வரும் இடத்தை டேப்பால் அடைத்து, வெயில் படாத இடத்தில் 8 முதல் 12 மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். டிஎச்டி22 ஒன்று 70-க்கும் 80-க்கும் நடுவே அசையாமல் காட்டினால் அது நல்ல சென்சார்தான்.

அதற்கு வெளியே போனால் தூக்கிப் போடும் முன் ஒரு வைத்தியம் உண்டு. 50 முதல் 60 டிகிரிச் சூட்டில், 10 சதவீதத்துக்குக் குறைவான ஈரப்பதத்தில் 2 மணி நேரம். பிறகு 20 முதல் 30 டிகிரியில், 70 சதவீதத்துக்கு மேல் 5 மணி நேரம். முதல் பாதிக்கு, ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு தகர டப்பாவில் அடைத்து மே மாத வெயிலில் வைத்துப் பார்க்கலாம். ஒயரை மாட்டியே வைத்திருங்கள், டப்பாவின் சூட்டை சென்சாரே சொல்லும். 60 தாண்டினால் நிழலுக்கு எடுத்துவிடுங்கள். இரண்டாம் பாதிக்கு அதே உப்பு டப்பா.

படி 7: கடைசியாக வடிகட்டுதல்

3 விநாடிக்கு ஒன்றாக 5 அளவு எடுத்து, வரிசைப்படுத்தி, நடு எண்ணை மட்டும் பதிவு செய்யுங்கள். சராசரி எடுத்தால் ஒரு தப்பு எண் மற்ற நான்கையும் இழுத்துவிடும். நடு எண் எடுத்தால் அது தானாகவே ஒதுங்கிவிடும். இதை முதல் படியிலேயே செய்தால் தளர்ந்த ஒயரும் சேர்ந்து மறைந்துவிடும், அதனால்தான் இது கடைசியில் வருகிறது.

இரண்டு டிஎச்டி11-ஐ அருகருகே வைத்து, ஒன்று 32, மற்றது 29 என்று காட்டினால் இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒவ்வொன்றும் 2 டிகிரி கூடவோ குறையவோ காட்டலாம். உப்பு டப்பாவில் 78 காட்டிய சென்சாருக்குப் புரோகிராமில் 3 கழித்து, அந்த எண்ணைச் சின்னத் தாளில் எழுதி சென்சாரின் முதுகில் ஒட்டிவையுங்கள்.