கிற்றார் ஜக் கரகரத்தால் செய்யக்கூடாதவை

யாழ்ப்பாணத்துப் பாசையூர்ப் பக்கம் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவன் போன மார்கழியில் தன் எலெக்ட்ரிக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அண்ணை, பிக்கப் செத்துப் போச்சு. கொழும்பிலயிருந்து புதுசு எடுப்பிக்கப் போறன்” என்றான். கரோல் தொடங்க நான்கு நாள்தான் இருந்தது. கேபிளைச் செருகி மெல்ல அசைத்துப் பார்த்தேன். கரகரவென்று ஓர் இரைச்சல், அப்புறம் முழுச் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் நன்றாகத்தான் இருந்தது. கேபிளின் பிளக் செருகும் துவாரமான ஜக்கைப் பிடித்திருக்கும் நட் இளகி, உள்ளே ஒரு வயர் இரண்டு மூன்று இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

கிற்றாரின் மற்ற மின் பாகங்களை நாம் தொடுவதே குறைவு. ஜக்கை மட்டும் ஒவ்வொரு நாளும் குத்துகிறோம், இழுக்கிறோம், சில வேளை கேபிளில் கால் வைத்துப் பிடுங்கியும் விடுகிறோம். 6.35 மில்லிமீற்றர் அளவுள்ள இந்தப் பிளக் 19ஆம் நூற்றாண்டில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக வந்த வடிவம். உள்ளே இருப்பது ஒரு வளையமும், பிளக்கின் நுனியைக் கவ்விப் பிடிக்கும் ஓர் உலோக நாக்கும்தான். அதனால் சத்தம் விட்டுவிட்டு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இளகலையும் முறிவையும். பிக்கப்பை மாற்றும் எண்ணம் கடைசியாக வரட்டும்.

கேபிளைச் சோதிக்காமல் கிற்றாரைத் திறப்பது முதல் தவறு. வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். அதே கேபிளை வேறொரு கிற்றாரிலும் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை இது. பலமுறை விடயம் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்த தவறுதான் மிக அதிக கிற்றார்களைக் கெடுக்கிறது: இளகிய நட்டை வெளியிலிருந்தே குறட்டால் இறுக்குவது. நட்டோடு சேர்ந்து உள்ளே ஜக்கும் சுற்றும். ஜக் சுற்றினால் அதில் பற்றவைத்த இரண்டு வயர்களும் கயிறு போல முறுக்குப்படும். முதல் நாள் சரியாகிவிட்டது போலத்தான் இருக்கும். மூன்றாவது தடவை இறுக்கும்போது வயர் அறுந்துவிடும். ஸ்ட்ராற்றோகாஸ்டர் வகைக் கிற்றாரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுற்றிய ஜக்கின் நாக்கு, ஜக் இருக்கும் குழியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் உலோகத் தாளைத் தொட்டால் ஷோர்ட் ஆகி, சத்தமே வராது. ஆகவே ஜக்கைத் தாங்கும் தகட்டின் திருகாணிகளைக் கழற்றி ஜக்கை வெளியே எடுங்கள். ஒரு கையால் ஜக்கை அசையாமல் பிடித்துக்கொண்டு, அளவான ஸ்பானரால் நட்டை இறுக்குங்கள். குறடு வழுக்கினால் வார்னிஷில் விழும் கீறல் காலத்துக்கும் அழியாது. நட்டின் கீழே பற்கள் உள்ள வாஷர் ஒன்று போட்டால் மறுபடி இளகுவது குறையும்.

பிக்கப் வைத்த அக்கூஸ்ரிக் கிற்றாரில், பட்டி மாட்டும் குமிழுக்குள்ளேயே ஜக் இருக்கும் வகை உண்டு. அதில் குமிழ் மூடியைக் கழற்றினால் ஜக்கின் குழாயில் சிறு துளை ஒன்று தெரியும். மெல்லிய ஆணியையோ அலன் சாவியையோ அதில் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கலாம். அந்தத் துளை அதற்காகவே இருக்கிறது. தெரியாதவர்கள் குழாயையே குறட்டால் நெரித்துப் புரியைக் கெடுத்துவிடுகிறார்கள்.

எங்கள் ஊரின் உப்புக்காற்றையும் சொல்ல வேண்டும். கடற்கரையை அண்டிய வீடுகளில், வாடைக் காற்றும் மாரி ஈரமும் சேரும் காலத்தில், ஜக்கின் உட்புறம் மங்கிக் கறுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மண்ணெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் விடுகிறார்கள். வேண்டாம். எண்ணெய் தங்கி, தூசியைப் பிடித்து, சில மாதத்தில் பழைய நிலையைவிட மோசமாக்கும். கொன்டாக்ட் கிளீனர் கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் ஐசோபுரோப்பைல் அல்கஹோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு உள்ளே சுழற்றித் துடைத்தால் போதும். உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்ப்பதும் கூடாது. மேற்பூச்சுப் போனால் உலோகம் இன்னும் வேகமாகக் கறுக்கும்.

பிளக் தொளதொளவென்று இருந்தால் நாக்கு தளர்ந்திருக்கிறது. ஜக்கை வெளியே எடுத்து நாக்கை உட்பக்கமாகச் சற்று வளையுங்கள். சற்று என்றால் ஒரு மில்லிமீற்றர் அளவு. பிளக் சேரும்போது ‘டக்’ என்று கவ்வ வேண்டும். பலமுறை வளைத்த நாக்கு முறியும். அந்த நிலையில் புது ஜக் போடுவதுதான் சரி.

மல்டிமீற்றர் இருப்பவர்கள் ஊகிக்கவே தேவையில்லை. பற்றரி இல்லாத சாதாரண எலெக்ட்ரிக் கிற்றாரில் கேபிளைச் செருகி, வொலியூமை முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் கொயில் பிக்கப் என்றால் ஏறக்குறைய 5 முதல் 8 கிலோ ஓம், இரட்டைச் சுருள் உள்ள ஹம்பக்கர் என்றால் பெரும்பாலும் அதற்கு மேலே காட்டும். பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷோர்ட். ஒன்றுமே காட்டாவிட்டால் ஜக்கிலோ அதற்கு வரும் வயரிலோ முறிவு. 250 அல்லது 500 கிலோ ஓம் அளவில் காட்டினால் ஜக் நல்ல நிலையில் இருக்கிறது. மீற்றர் வொலியூம் குமிழின் கீழுள்ள பொட்டைத்தான் (மாறும் தடையை) அளக்கிறது, பிக்கப் பக்கம் அல்லது சுவிட்ச்சைத் தேடுங்கள். அளக்கும்போது பிளக்கை அசைத்தால் எண் குதிக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

பற்றவைக்கும்போது இரண்டு வயரையும் மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கும். நுனியைத் தொடும் நாக்கு எந்தக் காதோடு (வயர் பற்றவைக்கும் சிறு தகட்டோடு) சேர்கிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள், சத்தத்தைக் கொண்டுவரும் ‘சூடான’ வயர் அங்கேதான் போக வேண்டும். மாறிப் போட்டால் கம்பிகளில் கை வைத்ததும் இரைச்சல் கூடும். தகர வேலைக்குப் பயன்படும் அமிலத்தை இங்கே தொடவே கூடாது, அது வயரை அரிக்கும். உள்ளே ரெசின் உள்ள ஈயம் எடுங்கள். 30 அல்லது 40 வாட் பற்றவைக்கும் இரும்பால் முதலில் காதைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயத்தை உருக விடுங்கள். இரும்பில் உருக்கிச் சொட்ட விட்டால் மேலே திரண்டு நிற்குமே தவிரப் பிடிக்காது.

பற்றரி உள்ள கிற்றாருக்குப் புது ஜக் வாங்கும்போது கடையில் கேட்டு ஸ்ரீரியோ ஜக்கே வாங்குங்கள். அதன் நடுத் தொடுகைக்குப் பற்றரியின் கறுப்பு வயர் வரும். பிளக் செருகியதும் அது தண்டோடு சேர்ந்து பற்றரியை இயக்கும். மொனோ ஜக் போட்டால் அந்த வயருக்கு இடமில்லை. அதைத் தண்டோடு சேர்த்துக் கட்டினால் பற்றரி இராப்பகலாக ஓடித் தீரும். வாசித்து முடிந்ததும் கேபிளைக் கழற்றி வைக்கச் சொல்வதும் இதனால்தான். செருகியே வைத்தால் 9 வோல்ட் பற்றரி சும்மா இறங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, உயிரோடு விளையாடும் தவறு ஒன்று. ஜக்கின் பூமி வயர் அறுந்து பெரிய இரைச்சல் வரும்போது, அதை நிறுத்த அம்பிளிபயரின் பிளக்கில் எர்த் காலை வெட்டி விடுகிறார்கள். ஆலய முற்றத்தில் நீட்டு வயர் இழுத்து வாசிக்கும் இடங்களில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். கிற்றாரின் கம்பிகள் ஜக்கின் தண்டு வழியாக அம்பிளிபயரின் உலோக உடலோடு சேர்ந்திருக்கின்றன. அம்பிளிபயருக்குள் பழுது வந்தால், எர்த் இல்லாதபோது 230 வோல்ட் நேரே விரலுக்கு வரும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எர்த் காலை வெட்டிய அம்பிளிபயர் எங்கே கண்டாலும், புதுப் பிளக் போடும் வரை அதில் யாரையும் வாசிக்க விடாதீர்கள்.

அந்தத் தம்பியின் கிற்றாருக்கு வயர் நுனியை வெட்டிச் சீவி மறுபடி பற்றவைத்து நட்டை இறுக்கினோம். அரை மணித்தியாலம் போனது. கேபிளைத் தோள்பட்டிக்குள்ளால் ஒரு சுற்று விட்டுச் செருகவும் காட்டிக் கொடுத்தேன். இனி யாராவது கேபிளை மிதித்தால் இழுப்பு முதலில் பட்டிக்குத்தான் போகும்.