பழகிய ஊசி கைவிட்டபோது

நான்கு ஆண்டுகள் என் குரோன் நோயை (குடலில் நீடிக்கும் அழற்சி) அடக்கி வைத்திருந்த அடாலிமுமாப் ஊசி, சென்ற கோடையில் கைவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40 மில்லிகிராம் தவறாமல் போட்டும், பத்தாம் நாளே வயிற்றுவலியும் பேதியும் திரும்பின. குடியாத்தத்தில் அப்போது மின்சாரம் போய்ப்போய் வந்ததால், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து ஃபிரிட்ஜிலேயே கெட்டிருக்கும் என்று நானாக முடிவுகட்டி ஐஸ் பெட்டி வாங்கினேன். காசுதான் தண்டம்.

வேலூர் மருத்துவர் எடுத்தவுடன் மருந்தை மாற்றிவிடவில்லை. மலத்தில், குடல் அழற்சியின்போது கூடும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்து அழற்சியை உறுதிசெய்த பின், அடுத்த ஊசிக்குச் சற்று முன் இரத்தம் எடுத்து, அதில் மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, அதற்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கிறதா என்று சோதித்தார். மருந்து மட்டும் குறைந்திருந்தால் வாரம் ஒரு ஊசியாக்கிச் சமாளித்திருக்கலாமாம். எனக்கோ எதிர்ப்பொருள் மிகுந்திருந்தது.

காசநோய்ப் பரிசோதனையை மீண்டும் முடித்துக்கொண்டு உஸ்டெகினுமாப் என்ற வேறு மருந்துக்கு மாறினேன். என் 58 கிலோ எடைக்கு முதலில் 390 மில்லிகிராம் நரம்பு வழியாக ஏற்றினார்கள். பிறகு 8 வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் 90 மில்லிகிராம். முதல் மாதம் பெரிய மாற்றமில்லை. பன்னிரண்டாம் வாரம், வழியில் கழிப்பறை எங்கே என்று கண்ணால் துழாவாமல் பேருந்தில் வேலூர் வந்து இறங்கினேன்.