நியூயார்க்கில் பழைய செயின் ஹோட்டலில் தங்கப் போகிறீர்களா?

மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் உள்ள பெரிய செயின் ஹோட்டல்கள் பலவும் பழசு. டைம்ஸ் ஸ்கொயரில் இருக்கும் மேரியட் மார்க்கீஸ்கூட 1985-இல் திறந்ததுதான். அமைந்திருக்கும் இடத்தில் இவற்றை மிஞ்ச முடியாது. ஆனால் ரூம் எது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

புக் செய்த கையோடு ஹோட்டலுக்கே போன் போடுங்கள். "உயரமான மாடி, லிஃப்டுக்கும் ஐஸ் மெஷினுக்கும் தள்ளி, தெருப் பக்கம் வேண்டாம்" என்று சொல்லிவையுங்கள். ஒருமுறை நான் இதைச் சொல்லாமல் விட்டு, விடிய விடிய ஆம்புலன்ஸ் சைரன் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாள் கீழே போய்ப் பொறுமையாகக் கேட்டதும் பின்பக்க ரூமுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதனால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஏசியைப் போட்டுப் பாருங்கள், ஷவரைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்று பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் அதுதான் நேரம்.

பிளக் பாயிண்ட் குறைவு. இருக்கிற ஒன்றும் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அங்கே 120 வோல்ட், தட்டைப் பின். நாலைந்து யூஎஸ்பி துளை உள்ள சார்ஜரும் அடாப்டரும் கொண்டுபோனால் குடும்பத்துக்கே போதும்.

செலவுக் கணக்கில் கவனம். வாடகைக்கு மேல் 14.75 சதவீத வரி, அதோடு ஒரு இரவுக்கு 3.50 டாலர். சில இடங்களில் 'டெஸ்டினேஷன் ஃபீ' என்று ஹோட்டல் வசதிகளுக்கான கட்டாயக் கட்டணம் வேறு உண்டு. அதில் சாப்பாட்டுக்கான கிரெடிட், அதாவது சாப்பாட்டு பில்லில் கழித்துக்கொள்ளும் தொகை, சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், பலர் அதை வாங்காமலே கிளம்பிவிடுகிறார்கள்.

காலையிலேயே விமானம் இறங்கிவிட்டால் பெட்டிகளை வாங்கி வைக்கும் கவுண்டரான பெல் டெஸ்கில் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஊர் சுற்றலாம். எடுத்து வைப்பவருக்கு ஒரு பெட்டிக்கு ஓரிரு டாலர் கொடுப்பது அங்கே வழக்கம்.