காளானுக்கும் கொஞ்சம் வெயில் காட்டுங்கள்

கடையில் வாங்கிய மொட்டுக் காளானை அப்படியே அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். நறுக்கி, தட்டில் பரப்பி, உச்சி வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். இருட்டறையில் வளர்வதால் அதில் வைட்டமின் டி மிகக் குறைவு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால், காளானில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள், வைட்டமின் டி-யின் ஒரு வகையான டி2 ஆக மாறும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் பலிக்காது, மொட்டை மாடிதான் சரி. ஓரம் லேசாகச் சுருங்கும், பரவாயில்லை.

மற்றபடி, 100 கிராமில் புரதம் சுமார் 3 கிராம்தான். ‘சைவக் கறி’ என்பதெல்லாம் ருசிக்குச் சொல்வது, பருப்பை விட்டுவிடாதீர்கள். பொட்டாசியமும் பி2, பி3 வைட்டமின்களும் உண்டு. அப்புறம், வதக்கும்போது விடுகிற தண்ணீரைக் கொட்டாதீர்கள். அந்த பி வைட்டமின்கள் அதில்தான் கரைந்திருக்கும், குழம்பிலேயே சேர்த்துவிடுங்கள்.